இயக்குநர்கள் பேசும்போது எதைக் கேட்க வேண்டும்? படம் எடுக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சினிமா கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இன்று பேட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. கைபேசியைத் திறந்தால் ஏதாவது ஓர் இயக்குநர் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறார். கேட்டு முடித்ததும் நாளைக்கே படம் எடுத்துவிடலாம் போலிருக்கும். மறுநாள் உண்மையிலேயே ஓர் அறையில் இரண்டு பேரை உட்கார வைத்துக் கேமராவை எடுத்தால், அதை எங்கே வைப்பது என்றே தெரியாது. அத்தனை மணி நேரம் கேட்டதில் ஒன்றுகூடக் கைக்கு வராது.

கேட்ட விதத்தில்தான் கோளாறு. இயக்குநர் பெருமையாகச் சொல்லும் ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் ஒரு சிக்கல் இருந்திருக்கும். பணம் இல்லை, வெளிச்சம் போகிறது, அறை சின்னது, நடிகர் வரவில்லை, கதையில் ஓட்டை. முடிவை மட்டும் மனப்பாடம் செய்தால் அது அவருடைய படத்தோடு முடிந்துவிடும். சிக்கலையும் சேர்த்துப் பிடித்தால் உங்கள் படத்துக்கும் உதவும். அதைப் பிடிக்கும் முறையைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் படம், அப்புறம் பேச்சு

ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. முதல் தடவை சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். இசையும் வசனமும் போனபின்தான் கேமரா எங்கே நிற்கிறது, யார் முகத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள் என்பது கண்ணில் படும்.

பார்க்கும்போது தோன்றும் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். "இந்த ஷாட் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது?", "இவள் அழும்போது முகத்தை ஏன் காட்டவில்லை?" என்ற மாதிரிச் சின்னக் கேள்விகள் போதும். இயக்குநரின் பேட்டியை முதலில் கேட்டுவிட்டுப் படம் பார்த்தால், அவர் விரல் நீட்டிய இடத்தை மட்டும்தான் பார்ப்பீர்கள். அவர் சொல்லாமல் விட்டது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

2. எந்தப் பேச்சைக் கேட்பது

படம் வெளியாகும் வாரத்தில் வரும் பேட்டிகளை ஒதுக்கிவிடலாம். அந்த நேரத்தில் இயக்குநர் வியாபாரத்தில் இருக்கிறார். அது அவருடைய கடமை. கதையைச் சொல்ல முடியாது, குறையைச் சொல்ல முடியாது, தயாரிப்பாளரையும் ஹீரோவையும் புகழாமல் இருக்கவும் முடியாது. இசை வெளியீட்டு மேடையும் அப்படித்தான். அங்கே தொழில்நுட்பம் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நம்பிக் கேட்கத் தகுந்தது, படம் வந்து சில வருடங்கள் கழித்து, வேலை தெரிந்த ஒருவர் கேள்வி கேட்க, இயக்குநர் நிதானமாகப் பதில் சொல்லும் நீண்ட உரையாடல். இந்த வகைக்கு முன்னோடி, 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ ஹாலிவுட்டுக்குப் போய் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கிடம் நாள்கணக்கில் உட்கார்ந்து எடுத்த பேட்டி. ஒருவருக்கு ஆங்கிலம் சரளமில்லை, இன்னொருவருக்குப் பிரெஞ்சு சரளமில்லை. ஹெலன் ஸ்காட் நடுவில் இருந்து மொழிபெயர்த்தார். 1966-இல் அது புத்தகமாக வந்தது. கேட்டவரும் படம் எடுப்பவர் என்பதால் "எப்படி?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. 'சஸ்பிஷன்' படத்தில் கணவன் இருட்டில் மாடிப்படி ஏறிப் பால் டம்ளர் கொண்டுவரும் காட்சியில், பார்ப்பவர் கண் அந்த டம்ளரை விட்டு நகரக் கூடாது. அதற்காகப் பாலுக்குள் ஒரு விளக்கை வைத்தேன் என்கிறார் ஹிட்ச்காக். சிக்கல், தீர்வு, திரையில் தெரியும் விளைவு மூன்றும் ஒரே பதிலில் வந்துவிட்டன.

நம் பக்கத்தில் திரை விமர்சகர் பரத்வாஜ் ரங்கன் மணி ரத்னத்தோடு படம் படமாகப் பேசி 2012-இல் கொண்டுவந்த உரையாடல் நூல் இந்த வகைதான். இயக்குநர்கள் தாங்களே எழுதியவற்றில் மகேந்திரனின் 'சினிமாவும் நானும்' தமிழிலேயே படிக்கக் கிடைக்கிறது. அவருடைய 'உதிரிப்பூக்கள்' (1979) புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பிய படம். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். கதையைப் படித்து, படத்தைப் பார்த்து, எது தங்கியது எது புதிதாக வந்தது என்று ஒரு தாளில் பிரித்து எழுதிப் பாருங்கள். திரைக்கதை பற்றிய பல வகுப்புகளைவிட அந்த ஒரு தாள் உருப்படியானது. குறிப்பாக ஆற்றங்கரையில் நடக்கும் முடிவு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

படம் ஓடும்போதே இயக்குநர் பேசும் கமென்ட்ரி டிராக் என்றொரு வகை இருந்தது. ஓடிடி வந்தபின் அது அருகிவிட்டது. பழைய டிவிடிகள் கையில் சிக்கினால் எடைக்குப் போடுவதற்கு முன் மெனுவில் அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

3. நோட்டில் மூன்று கட்டம்

ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் சிக்கல். இரண்டாவதில் இயக்குநர் செய்தது. மூன்றாவதில் அது படத்தில் தெரியும் இடம், நிமிடக் கணக்கோடு. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியை நம்ப வேண்டாம்.

சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957) படத்தை வைத்து எப்படி நிரப்புவது என்று பார்க்கலாம். தன் வேலையைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கியிருக்கிறார்.

படம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வாதம் செய்கிறார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடங்கள் தவிர, கேமரா அந்த அறையையும் அதை ஒட்டிய கழிப்பறையையும் விட்டு வெளியே போவதில்லை. முதல் கட்டத்தில் எல்லோரும் எழுதுவது "ஒரே அறை, பார்ப்பவருக்குச் சலிக்கும்" என்பதுதான். லூமெட் அதைச் சிக்கலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அறையின் நெருக்கம் அவருக்கு வேண்டியிருந்தது. போகப் போக அறை இன்னும் சின்னதாகத் தெரிய வேண்டும், ஆனால் சுவரை நகர்த்த முடியாது. அதுதான் அவர் முன்னால் இருந்த நிஜமான சிக்கல். முதல் கட்டத்தில் அதை எழுதுங்கள்.

இரண்டாவது கட்டம்: லென்ஸை மாற்றிக்கொண்டே போனார். ஆரம்பத்தில் 28 முதல் 40 மி.மீ. வரை உள்ள லென்ஸ்கள் (எண் சின்னதானால் அகலமாகத் தெரியும், பெரிதானால் குறுகும்). அப்புறம் 50, 75, 100 என்று ஏற்றினார். லென்ஸ் நீளம் கூடக்கூடப் பின்சுவர் நெருங்கி வந்து நடிகரின் முதுகில் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். கூடவே கேமராவின் உயரத்தையும் மாற்றினார். முதல் மூன்றில் ஒரு பங்கு கண்மட்டத்துக்கு மேலே, அடுத்த பங்கு கண்மட்டத்தில், கடைசிப் பங்கு கண்மட்டத்துக்குக் கீழே. கேமரா கீழே இறங்கியதும் கூரை ஃபிரேமுக்குள் வந்துவிட்டது. சுவரோடு கூரையும் சேர்ந்து அழுத்துகிறது. எல்லாம் முடிந்து ஆட்கள் கட்டடத்தை விட்டு வெளியே வரும் கடைசி ஷாட்டில், படத்திலேயே அகலமான லென்ஸைப் போட்டுக் கேமராவை உயரத் தூக்கிவிட்டார். பார்ப்பவருக்கு மூச்சு வருகிறது, ஏன் என்று தெரியாது.

மூன்றாவது கட்டத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். படத்தைச் சத்தமில்லாமல் ஓட்டுங்கள். பத்தாவது நிமிடத்தில் நிறுத்துங்கள்: மேசை முழுக்கத் தெரிகிறதா, எத்தனை பேர் ஃபிரேமில் இருக்கிறார்கள், கூரை தெரிகிறதா? ஐம்பதாவது நிமிடத்திலும் எண்பத்தைந்தாவது நிமிடத்திலும் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இயக்குநர் சொன்னது அப்படியே கண்ணுக்கு முன்னால் இருக்கும். விதி மீறிய ஷாட்டுகளும் ஒன்றிரண்டு கிடைக்கலாம். அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், எந்தத் திட்டமும் படப்பிடிப்புத் தளத்தில் நூற்றுக்கு நூறு நடப்பதில்லை.

அதே படத்திலிருந்து இன்னொரு வரி. சிக்கல்: பணமும் நாளும் குறைவு, ஒவ்வொரு தடவை கேமரா திசை மாறும்போதும் விளக்குகளை மாற்ற நேரம் பிடிக்கும். செய்தது: ஒரு நாற்காலிக்கு விளக்கு வைத்தால், அந்த நாற்காலியில் நடப்பதையெல்லாம் காட்சி வரிசை பார்க்காமல் எடுத்து முடித்தார்கள். இதனால் ஹென்றி ஃபோண்டாவும் லீ ஜே. காபும் எதிரெதிரே மோதும் இடத்தில், ஒருவர் முகத்தை எடுத்துச் சுமார் ஒரு வாரம் கழித்துத்தான் மற்றவர் முகத்தை எடுக்க முடிந்தது. கோபத்தின் அளவு இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டுமே? படப்பிடிப்புக்கு முன் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்திருந்ததால் எந்த இடத்தில் யார் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பது இயக்குநருக்கு நினைவில் இருந்தது. குறைந்த பட்ஜெட்டில் படம் எடுக்கப்போகும் ஒருவருக்கு லென்ஸ் கதையைவிட இதுதான் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

4. பணம், வானிலை, மிருகம்: இந்தச் சொற்கள் வந்தால் காதைத் தீட்டுங்கள்

"அது ஒரு மேஜிக்", "தானாக அமைந்தது" என்று இயக்குநர் சொல்லும்போது பேனாவைக் கீழே வைக்கலாம். "அன்றைக்குப் பணம் இல்லை" என்று தொடங்கினால் எடுங்கள்.

சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி' (1955) எடுத்த கதை இதற்கு நல்ல பாடம். 1952 இறுதியில், நாணல்போல் உயர்ந்து வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்த காஷ் புல்வெளியில் அக்காவும் தம்பியும் ரயிலைப் பார்க்க ஓடும் காட்சியோடு வேலை தொடங்கியது. ராய்க்கு அப்போது விளம்பர நிறுவனத்தில் வேலை, விடுமுறை நாளில்தான் படப்பிடிப்பு. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் பூக்கள் இல்லை, மாடுகள் மேய்ந்துவிட்டன. மீதிக் காட்சிக்கு அடுத்த வருடப் பூவுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பணம் தீர்ந்து வேலை நின்று நின்று நடந்ததில் இன்னொன்றும் ஆனது. மிட்டாய்க்காரர் பின்னால் குழந்தைகளும் நாயும் வரிசையாய்ப் போகும் காட்சி நினைவிருக்கும். அதை ஒரே மூச்சில் எடுக்க முடியவில்லை. நடுவில் மிட்டாய்க்காரராக நடித்தவர் இறந்துவிட்டார். அவரைப் போன்ற உடல்வாகு உள்ள வேறொருவரைத் தேடிப் பிடித்து, முகம் தெரியாமல் முதுகுப் பக்கத்திலிருந்து மீதியை எடுத்தார் ராய். நாயும் இறந்துபோய், அதேபோல் இன்னொரு நாய் வந்தது. முதல் ஷாட்டில் ஒரு மனிதர், அடுத்த ஷாட்டில் இன்னொருவர். நடுவில் ஒரு வெட்டு. பார்ப்பவர் ஒருவரும் கண்டுபிடிப்பதில்லை. ஆள் மாறினாலும் நடையும் திசையும் சுமையும் மாறாமல் இருந்தால் கண் ஏமாறும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் கற்றுத்தர முடியாது. அந்த இடத்தை ஓட்டிப் பாருங்கள், தெரிந்து பார்த்தால்கூடச் சிரமம்தான்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) இதே கதையின் பணக்கார வடிவம். இயந்திரச் சுறா கடலின் உப்புத் தண்ணீரில் பழுதாகிக்கொண்டே இருந்தது. சுறா இருக்கிறது என்பதை மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களையும் இசையையும் வைத்துச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் அதைச் சரியாகக் காட்டாமலே ஓட்டிவிட்டார்.

5. ஒரு பக்கப் பேச்சை நம்பி உட்கார வேண்டாம்

இயக்குநர்களும் மனிதர்கள்தான். இருபது வருடம் கழித்துப் பேசும்போது தற்செயலாக நடந்தது திட்டமிட்டு நடந்ததாக மாறிவிடும். உதவியாளர் சொன்ன யோசனை தன் யோசனையாகிவிடும். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சிக்கு ஷாட் ஷாட்டாகப் படம் வரைந்து கொடுத்த சால் பாஸ், பிற்காலத்தில் அந்தக் காட்சியை இயக்கியதே தான்தான் என்றார். அதில் நடித்த ஜேனட் லீ, ஹிட்ச்காக்தான் இயக்கினார் என்று மறுத்தார். யார் சொல்வது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரு காட்சிக்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

அதனால் ஒளிப்பதிவாளர், எடிட்டர், ஒலிப்பதிவாளர் பேசியதையும் தேடுங்கள். ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா நல்ல உதாரணம். 'அபராஜிதோ' (1956) படத்தில் வரும் காசி வீட்டு முற்றத்தை மழைக்குப் பயந்து ஸ்டுடியோவில் செட்டாகப் போட வேண்டி வந்தது. திறந்த வானத்திலிருந்து இறங்கும் நிழலில்லாத வெளிச்சத்தை ஸ்டுடியோ விளக்கால் எப்படிக் கொண்டுவருவது? செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்கை அதன்மேல் அடித்து, பட்டுத் திரும்பிய ஒளியை மட்டும் பயன்படுத்தினார். இன்று நம் ஊர்ப் படப்பிடிப்பில் பவுன்ஸ் கொடுப்பது சாதாரணம். உங்களிடம் தெர்மக்கோல் அட்டை இல்லையென்றால் ஒரு வெள்ளை வேட்டி போதும்.

6. கேட்டதை எடுத்துப் பாருங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டினால் மேலே சொன்ன ஐந்தும் வீண்.

ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு பேர். அண்ணன் அப்பாவின் பழைய வண்டியை விற்கச் சொல்கிறான், தம்பி மறுக்கிறான். பன்னிரண்டு வரி வசனம் எழுதுங்கள். சாதாரணப் பேச்சாகத் தொடங்கிச் சண்டையில் முடியட்டும். மூன்று பகுதியாகப் பிரியுங்கள்.

கைபேசியே போதும். சிலவற்றை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரத்தில் டியூப்லைட், எல்இடி வெளிச்சம் மினுமினுக்காமல் இருக்க நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைக்கக்கூடிய செயலி ஒன்றைப் போடுங்கள். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) தானாக மாறாதபடி லாக் செய்யுங்கள். ஒரே ஜன்னல் பக்கத்திலிருந்து வெளிச்சம், எதிர்ப்பக்கம் வேட்டி.

முதல் பகுதியை 1 எக்ஸில், கேமராவை நெற்றிக்குக் கொஞ்சம் மேலே வைத்து எடுங்கள். இரண்டாவதைக் கண்மட்டத்தில், 2 எக்ஸில், ஓரடி ஈரடி பின்னால் தள்ளி. மூன்றாவது பகுதிக்குக் கேமராவை நெஞ்சு உயரத்துக்கு இறக்கி, 3 எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதில், இன்னும் பின்னால் போய். இந்த மூன்றாவது இடத்தில் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தலைக்கு மேலே மின்விசிறியோ கூரையோ ஃபிரேமுக்குள் வரலாம். விசிறி ஓடினால் ஒலியில் இரைச்சல் சேரும், நிறுத்தினால் நடிகர்கள் வியர்ப்பார்கள். வியர்க்கட்டும், சண்டைக் காட்சிதானே.

எடுக்கும் வரிசையில் லூமெட் செய்ததையே செய்யுங்கள்: அண்ணன் நாற்காலியின் எல்லா வரிகளையும் முடித்துவிட்டு, ஒரு நாள் இடைவெளி விட்டுத் தம்பி பக்கம் வாருங்கள். டீ டம்ளரில் எவ்வளவு டீ இருந்தது, சட்டைக் கை மடித்திருந்ததா, நான்காவது வரியில் குரல் எவ்வளவு உயர்ந்தது, எல்லாவற்றையும் ஒருவர் எழுதி வைத்தே ஆக வேண்டும். நாளைக்கு உதவி இயக்குநராகச் சேர்ந்தால் கன்டினியூட்டி பார்க்கச் சொல்வார்கள், அந்த வேலை இதுதான். எடிட் செய்யும்போது இரண்டு பக்கமும் ஒட்டவில்லையென்றால், ஒத்திகை எதற்கு என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

7. இயக்குநரை நேரில் கேட்கும் வாய்ப்பு வந்தால்

திரைப்பட விழாவிலோ கல்லூரியிலோ மைக் உங்கள் கைக்கு வரும். "சார், இந்தப் படத்தோட மெசேஜ் என்ன?" என்று கேட்டால் முந்நூறு தடவை சொன்ன பதிலை முந்நூற்றோராவது தடவையாகச் சொல்வார். ஒரு காட்சியை, ஒரு ஷாட்டைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "சார், மொட்டைமாடி சீன்ல கேமரா அம்மா முதுகுப் பக்கமே நிக்குது, முகத்துக்கு வரவே இல்ல. குளோஸப் எடுத்துட்டு எடிட்டிங்ல விட்டீங்களா, இல்ல எடுக்கவே இல்லையா?" இதற்குத் தயார்ப் பதில் அவரிடம் இருக்காது. யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எடுத்தோம், ஆனால் அழுகை அதிகமாகிவிட்டது என்பாரோ, வெளிச்சம் போய்விட்டது என்பாரோ, எதுவானாலும் உங்கள் நோட்டின் இரண்டாவது கட்டத்துக்கு ஆயிற்று. முன்னுரையாக உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லாமல் நேரே கேள்விக்கு வாருங்கள். பின்னால் இன்னும் பத்துப் பேர் கை தூக்கியிருப்பார்கள்.

8. உங்கள் படத்துக்கு நீங்களே கமென்ட்ரி

ஆறாவது படியில் எடுத்த இரண்டு மூன்று நிமிடப் படத்தை ஓடவிட்டு, இன்னொரு கைபேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பாதி ஷாட்டுகளுக்குப் பேச்சு வராது. வரும் இடங்களில் "இங்கே கேமரா வைக்க இடமில்லை, பீரோ இடித்தது" என்பது போன்ற பதில்கள்தான் அதிகம் இருக்கும். அவை நல்ல பதில்கள், எழுதிக்கொள்ளுங்கள். பேச்சு வராத ஷாட்டுகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அவை இல்லாமலே காட்சி புரிந்தால் அப்படியே விட்டுவிடலாம். புரியவில்லையென்றால் எந்த ஷாட்டை, எந்த உயரத்திலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும் என்று எழுதி, அடுத்த வாரமே அந்த ஒரு ஷாட்டை மட்டும் போய் எடுங்கள். சினிமாவில் அதற்குப் பேட்ச் ஒர்க் என்று பெயர். பெரிய படங்களிலும் நடப்பதுதான்.